பால் மரத்தில் ஒரு கட்டில்



நாம் வாழும் பத்து பாகாட் என்ற ஊரின் பெயருக்குப் பொருள் என்னவென்று எண்ணிப் பார்த்ததுண்டா? மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல்; 'பாகாட்' என்றால் உளி. உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். முன்னொரு காலத்தில் கடலோரத்தில் மின்யாக் பெக்கு என்ற இடத்தில், படைவீரர்கள் குடிநீருக்காகக் கல்லைக் குடைந்து கிணறு வெட்டினார்கள் என்றும், அதனால் இப்பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். ஊரின் பெயரிலேயே உளி இருக்கிறது. இன்று அந்த உளியை நம் கையில் எடுத்து, நம் வீட்டுப் படுக்கையறைக்கு ஒரு கட்டில் செய்வது எப்படி என்று பேசப் போகிறோம்.

"எனக்குத் தச்சு வேலை தெரியாதே" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. தெரியாதவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. ஆனால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நம்மில் பலருடைய பாட்டியும் அம்மாவும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவர்கள். பட்டையைத் தாள் போல மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அரையிருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்த கைகள் அவை. அந்தக் கைகளின் பிள்ளைகளுக்கு ஒரு கட்டில் செய்வது இயலாத காரியம் அல்ல.

எந்த மரத்தில் செய்வது? அதே பால் மரத்தில்தான்!

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிரிப்பார்கள். "ரப்பர் மரமா? அது அடுப்புக்குத்தான் ஆகும். பலகை போட்டால் ஆறு மாதத்தில் வண்டு தின்றுவிடும்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. லயத்தில் சிலர் பச்சை ரப்பர் மரத்தை அறுத்துப் பரண் போட்டார்கள். சில வாரங்களில் பலகை கறுத்தது. சில மாதங்களில் ஊசித் துளைகள் விழுந்து, கீழே மாவு கொட்டியது. ஆகவே ரப்பர் மரம் என்றால் விறகு என்பது நம் அனுபவப் பாடமாயிற்று. அந்தப் பாடம் எப்படி மாறியது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். மரத்தின் குணம் தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது அல்லவா?

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் பிரேசில் நாடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு, 1877இல், சில கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு வேலை செய்ய நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். இந்த மரமும் நாமும் கடல் கடந்து இங்கே வந்து வேரூன்றியவர்கள்தாம்.

ஒரு பால் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை நன்றாகப் பால் தரும். பிறகு அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்படி வெட்டிய மரங்கள் முன்பு என்ன ஆயின? தோட்டத்திலேயே எரிக்கப்பட்டன. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடுகளுக்கும், செங்கல் சூளைகளுக்கும் விறகாயின. 1967இல் வடக்கே பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலையில், இரும்பு உருக்கும் உலைக்கு ரப்பர் மரக்கரிதான் எரிபொருள். இரும்பையே உருக்கிய மரம் அது. ஆனாலும் அதில் ஒரு நாற்காலி செய்ய யாரும் துணியவில்லை.

ஏன்? ரப்பர் மரத்தின் உள்ளே மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. அவை பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் விருந்து. மரத்தை வெட்டிய சில நாட்களிலேயே நீலக்கறை படிந்துவிடும். வண்டு முட்டையிட்டால் அதன் புழு உள்ளேயே தின்று வளரும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் அறிவியலாளர்கள் இந்தக் குறைக்கு வழி தேடினார்கள். வழி இதுதான்: மரத்தை வெட்டியதும் தாமதிக்காமல் பலகையாக அறுக்க வேண்டும். உடனே பெரிய இரும்புக் கலத்தில் வைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை அழுத்தத்துடன் உள்ளே செலுத்த வேண்டும். பிறகு வெப்பச் சூளையில் வைத்து, நீர்ச்சத்து நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். மருந்து ஊட்டி உலர்த்திய பலகையைப் பூஞ்சணமும் வண்டும் எளிதில் அண்டுவதில்லை.

இந்த முறை பரவியதும், 1980களில் நிலைமை தலைகீழாக மாறியது. விறகாக எரிந்த மரம் கப்பலேறிப் பல நாடுகளுக்கு மேசையாகவும் கட்டிலாகவும் போயிற்று. அந்தத் தொழிலின் பெரிய மையம் எங்கோ இல்லை; நம் பக்கத்து ஊரான மூவார்தான். நம் பத்து பாகாட் வட்டாரத்திலும் தளவாடத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் பாட்டி பால் வெட்டிய மரத்தின் கட்டிலில் வெளிநாட்டுக் குழந்தை உறங்குகிறது. நம் வீட்டுக் குழந்தை மட்டும் தரையில் பாய் விரித்து உறங்க வேண்டுமா?

"கடையில் தவணைக்குக் கட்டில் கிடைக்கிறதே" என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் மலிவுக் கட்டில்களில் பல, மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பிவிடும், திருகாணி பிடிக்காது. 2006ஆம் ஆண்டுக் கடைசியிலும் 2007ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் ஜொகூரில் வந்த பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில் யோங் பெங், பாரிட் ராஜா பக்கங்களில் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நின்றதே! தண்ணீர் வடிந்த பிறகு வீதியோரங்களில் உப்பிப் பிளந்த கட்டில்களும் அலமாரிகளும் குவிந்து கிடக்கும். தவணை மட்டும் மிச்சமிருக்கும். நாம் செய்யப் போகும் கட்டில் போல்ட்டால் பூட்டியது. வெள்ளம் வரும் என்று அறிவிப்புக் கேட்டதும், ஸ்பேனரால் கழற்றி உயரத்தில் ஏற்றிவிடலாம். வீடு மாற நேர்ந்தாலும் கூடவே வரும். தோட்டம் விற்கப்பட்டு வீடு மாறிய குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, இனித் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறையை அளக்க வேண்டும். ஒருவர் படுக்கும் மெத்தை வழக்கமாக 36 அங்குல அகலமும் 75 அங்குல நீளமும் இருக்கும். ஆனாலும் உங்கள் மெத்தையை நீங்களே அளந்து பாருங்கள். நாம் செய்யும் கட்டிலின் வெளியளவு 39 அங்குலத்துக்கு 78 அங்குலம். அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்துப் பாருங்கள். கதவு முழுதும் திறக்கிறதா? பக்கத்தில் இரண்டடி வழி இருக்கிறதா? சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளியிருக்கிறதா? ஈரச்சுவரை ஒட்டிப் போட்டால் காற்றோட்டம் இல்லாமல் மெத்தையும் மரமும் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்து, மரம் வாங்குதல். தோட்டத்தில் வெட்டிப்போட்ட மரத்தைக் கொண்டுவரக் கூடாது. அது தோட்டத்தின் சொத்து. அதோடு மருந்து ஊட்டாத பச்சை மரம், பெரியவர்கள் சொன்னபடி வண்டுக்குத்தான் போகும். பலகைக் கடையில் 'காயு கெத்தா' என்று கேளுங்கள். மருந்து ஊட்டியதா, சூளையில் உலர்த்தியதா என்று இரண்டு கேள்வியையும் தவறாமல் கேளுங்கள். பிறகு உங்கள் கண்ணால் பாருங்கள். நீலமோ சாம்பல் நிறமோ கோடாக ஓடினால் பூஞ்சணக் கறை. ஊசித் துளையும் மாவும் இருந்தால் வண்டு. பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, ஓரத்தின் வழியாக மறுமுனையைப் பாருங்கள். வில் போல வளைந்திருந்தால் வேண்டாம். ரப்பர் மரம் உயரமாக நேரே வளர்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நீளமான ஒரே பலகை கிடைப்பது அரிது. சிறு துண்டுகளின் முனைகளை விரல்கள் கோத்ததுபோல் வெட்டி ஒட்டிய நீளப் பலகை கிடைக்கும். அதைக் குறைவானது என்று எண்ண வேண்டாம். நம் வேலைக்கு அது போதுமான வலிமை உடையது.

வேண்டிய மரத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள பலகை: 78 அங்குல நீளத்தில் இரண்டு, 37 அங்குல நீளத்தில் இரண்டு. இவை நான்கு பக்கச் சட்டங்கள். இரண்டரை அங்குலச் சதுரக் கட்டை: 12 அங்குலத்தில் நான்கு, 9 அங்குலத்தில் ஒன்று. இவை கால்கள். ஒன்றரை அங்குல உயரமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள தாங்குசட்டம்: 71 அங்குலத்தில் இரண்டு. மூன்று அங்குல உயரமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள நடுச்சட்டம்: 76 அங்குலத்தில் ஒன்று. மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பலகை: மூன்று அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், முப்பத்தாறரை அங்குல நீளத்தில் பதினான்கு. இவற்றோடு நான்கு அங்குல நீளமும் எட்டு மில்லிமீட்டர் பருமனும் உள்ள போல்ட் பதினாறு. அவற்றுக்கு நட்டும், இரண்டிரண்டு வாசரும். மூலைத்தகடு, திருகாணி, மரப்பசை, உப்புத்தாள், வார்னிஷ்.

கருவிகள் அதிகம் வேண்டாம். அளவு நாடா, மூலைமட்டம், ரம்பம், துளையிடும் டிரில், ஸ்பேனர், திருப்புளி ஆகியவை போதும். ரம்பம் பிடிக்கத் தயக்கமாக இருந்தால், அளவைக் காட்டிக் கடையிலேயே அறுத்துத் தரும்படி கேளுங்கள். பல கடைகளில் செய்து தருவார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வாங்கிய மரத்தை அன்றே வெட்டத் தொடங்காதீர்கள். சூளையில் உலர்ந்த மரம் நம் கடலோரக் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். ஒரு வாரம் அந்த அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கிவையுங்கள். அறையின் காற்றுக்கு அது பழகட்டும். கட்டிலின் உள்ளகலம் 37 அங்குலமாக இருக்க, குறுக்குப் பலகையை முப்பத்தாறரை என்று அரை அங்குலம் குறைத்துச் சொன்னேன் அல்லவா? சிறு அளவுப் பிழை நேர்ந்தாலும் அது முட்டாமல் உள்ளே இறங்குவதற்குத்தான்.

இனிச் செய்முறை. முதல் வேலை, நீளச் சட்டத்தின் இரண்டு முனைகளிலும் உட்புறமாகக் காலைப் பொருத்துவது. பக்கச் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே காலின் தலை இருக்க வேண்டும். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அளக்காமல் அதையே வைத்துக் குறிக்கலாம். நீளச் சட்டத்தின் முனையில் ஓர் அங்குலம் விட்டுத்தான் காலை வைக்க வேண்டும். அந்த ஓர் அங்குலத்தில் குட்டைச் சட்டம் வந்து உட்காரும்.

போல்ட்டுத் துளையில் கவனம் வேண்டும். ஒவ்வொரு காலிலும் நீளச் சட்டத்திலிருந்து இரண்டு, குட்டைச் சட்டத்திலிருந்து இரண்டு என நான்கு போல்ட் வரும். இரு திசையிலிருந்தும் ஒரே உயரத்தில் துளையிட்டால் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆகவே காலின் தலையிலிருந்து அளந்து, நீளச் சட்டத்துக்கு முக்கால் அங்குலத்திலும் இரண்டரை அங்குலத்திலும், குட்டைச் சட்டத்துக்கு ஒன்றரை அங்குலத்திலும் மூன்றேகால் அங்குலத்திலும் துளையிடுங்கள். முதலில் வேண்டாத துண்டில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். பிழை வருவதானால் அங்கே வரட்டும்.

இரண்டாவது வேலை, தாங்குசட்டம். நீளச் சட்டத்தின் உட்புறத்தில், இரண்டு கால்களுக்கும் நடுவே, காலின் தலைக்குச் சமமான உயரத்தில் பசை தடவி, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்றேமுக்கால் அங்குலத் திருகாணி முடுக்குங்கள். திருகாணிக்கு முன்னதாகச் சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் மரத்தில் ஆணியை நேரே அடித்தால் பிளந்துவிடும். இது தொடக்கக்காரர் எல்லாரும் செய்யும் தவறு. பசை ஒருநாள் முழுதும் காயட்டும்.

மூன்றாவது வேலை, பூட்டுதல். இதைப் படுக்கையறைக்குள்ளேயே செய்யுங்கள். முற்றத்தில் பூட்டிவிட்டு வாசலில் நுழையவில்லையே என்று விழிக்க வேண்டாம். நான்கு சட்டத்தையும் சேர்த்துப் போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்து பாருங்கள். மற்ற இரு மூலைகளையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய 87 அங்குலமாக, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டில் கோணல். நீளமான மூலையை மெல்லத் தட்டிச் சரிசெய்துவிட்டு, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். கட்டில் ஆடாமல் நிற்பதன் இரகசியம் இந்த ஓர் அளவில்தான் இருக்கிறது.

நான்காவது, நடுச்சட்டம். இதைத் தலைமாட்டுச் சட்டத்திலிருந்து கால்மாட்டுச் சட்டம் வரை, நட்டநடுவே, மூலைத்தகட்டால் பொருத்துங்கள். அதன் மேல்விளிம்பும் தாங்குசட்டத்தின் உயரத்திலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே நடுவில் ஒன்பது அங்குலக் காலை நிறுத்துங்கள். பிள்ளைகள் கட்டிலில் குதிக்காமல் இருக்கப் போவதில்லை. அந்த ஐந்தாவது கால் அவர்களுக்காக.

கடைசியாகக் குறுக்குப் பலகைகள். முனையில் முக்கால் அங்குலம் விட்டுத் தொடங்கி, பலகைக்குப் பலகை இரண்டரை அங்குல இடைவெளி விட்டால், பதினான்கும் கணக்காக அடங்கும். அந்த இடைவெளி வழியாக மெத்தைக்குக் காற்றுப் போகும். ஒவ்வொரு முனையிலும் ஒரு திருகாணி போதும். அதன் தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெத்தையைக் கிழிக்கும்.

பூட்டிப் பார்த்த பிறகு கழற்றி, 80, 120, 180 என்ற எண்ணுள்ள உப்புத்தாள்களால் வரிசையாக, மர நரம்பின் போக்கிலேயே தேயுங்கள். பிறகு எல்லாப் பக்கமும் இரண்டு பூச்சு வார்னிஷ். கால்களின் அடியை மறந்துவிட வேண்டாம். போரான் மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. ஈரம் தொடர்ந்து பட்டால் மெல்ல வெளியேறிவிடும். தரை கழுவும் வீட்டில் கால்களுக்கு ரப்பர்க் குப்பி மாட்டுவது நல்லது. இந்த மரம் வீட்டுக்குள் உழைக்கும். வெயிலிலும் மழையிலும் போடக் கூடாது.

தாய்மார்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. இரண்டாவது, மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள். பச்சை ரப்பர் விறகு எரித்த பழக்கம் நமக்கு உண்டு. இது மருந்தும் பசையும் சேர்ந்த மரம். சோறு சமைக்கும் அடுப்புக்கு ஆகாது. மிஞ்சிய துண்டுகளில் பிள்ளையின் புத்தகத்துக்கு ஒரு சிறு தட்டுப் பலகை செய்யுங்கள்.

நேயர்களே, இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாட்டி வெட்டிய நிரையும் இல்லை, கவிழ்த்துவைத்த மங்கும் இல்லை. பால் மரம் என்றால் என்னவென்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மரத்தைக் காட்ட முடியாவிட்டாலும், அந்த மரத்தில் செய்த கட்டிலைக் காட்டலாம். வேலையைத் தொடங்கும் அன்று பாட்டியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். மரத்தின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நம்மைவிட விரைவாக அவருடைய விரல் கண்டுபிடித்துவிடும். கட்டில் முடிந்ததும் முதலில் அவரையே அதில் படுக்கவையுங்கள். ஆயுள் முழுதும் அந்த மரத்துக்கு உழைத்தவர், ஓர் இரவாவது அதன்மேல் தலைசாய்க்கட்டும்.